நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

"அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்." இந்த ஒரு வாக்கியத்தை விடைத்தாளில் எழுதாமல் நம்மில் எவரும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. எழுதினோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம். ஆனால் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? அவருக்கு நாள் கூலி எவ்வளவு? அந்தச் செலவை மௌரியப் பேரரசின் கருவூலத்தில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள்? நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியார் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார்.

இன்று பொருளியல் மாணவன் என்ற உரிமையில் அதே வினாவை இம்மலரின் வாயிலாகக் கேட்க விழைகின்றேன். வகுப்பில் பொதுநிதி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, "ஏதேனும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு, உலக நாடுகள் அதற்குச் செலவிடும் தொகையை ஒப்பிட்டு எழுதி வாருங்கள்" என்றார் எங்கள் பேராசிரியர். பிறர் கல்வியையும் பாதுகாப்பையும் மருத்துவத்தையும் எடுத்துக்கொண்டனர். நான் காட்டை எடுத்துக்கொண்டேன். "சேத்தியாத்தோப்பில் காடு ஏது?" என்று நண்பர்கள் நகைத்தனர்.

அவர்கள் நகைத்ததில் தவறில்லை. எங்கள் ஊரில் காடு இல்லை. வெள்ளாறு உண்டு, அணைக்கட்டு உண்டு, வீராணம் ஏரியின் வடகோடி உண்டு, நெல்லும் கரும்பும் உண்டு. வடக்கே சிறிது தொலைவு சென்றால் நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டியெடுத்த மண், குன்றுகளாகக் குவிந்து நிற்கக் காணலாம். கிழக்கே கடலோரத்தில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குக் காட்டைப் பற்றிக் கேட்கும் உரிமை இல்லாமற் போகுமா?

எங்கள் முகாம் கணக்கு

உலகக் கணக்குக்குப் போகும் முன் எங்கள் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடுகின்றேன். இரண்டாண்டுகளுக்கு முன், மாணவர் முகாம் ஒன்றில் ஓர் ஏரிக்கரையில் 150 கன்றுகளை நட்டோம். குழி வெட்டிய கூலி, கன்றின் விலை, வண்டி வாடகை, பதாகை, தேநீர், புகைப்படம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினோம். பைசா குறையாமல் கணக்கு நேராயிற்று. சென்ற ஆண்டு அவ்வழியே பேருந்தில் போனபோது இறங்கி எண்ணிப் பார்த்தேன். நின்றவை 11.

அந்தப் பதினொன்றும் ஒரே இடத்தில் நின்றன. அருகில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, கடை கழுவிய தண்ணீரை ஊற்றி, ஆடு கடிக்காமல் முள் வெட்டிக் கட்டி வளர்த்திருந்தார். "நட்டுட்டுப் போயிட்டீங்க தம்பி, அதுங்களும் உசுருதானே" என்றார். எங்கள் செலவுக் கணக்கில் அவர் பெயருக்கு ஒரு காசும் இல்லை. ஆயினும் மரக்கணக்கில் மிச்சமிருப்பது முழுவதும் அவர் கணக்கே. இவ்வளவு பேசும் நானும் அந்த ஓராண்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவனல்லன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

இந்தப் பதினொரு மரங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உலக நாடுகளின் கணக்கைப் புரட்டலானேன்.

ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டாலர்?

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, உலகக் காடுகளைப் பற்றி 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஓர் ஒப்பீடு காணப்படுகின்றது. அரசுகள் காட்டுக்காகச் செலவிடுவது சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஏழரை டாலர். காட்டிலிருந்து அரசுகள் பெறும் வருவாயோ ஹெக்டேருக்கு நாலரை டாலர் அளவே. அஃதாவது, பொதுவாக அரசுகள் காட்டிலிருந்து எடுப்பதைவிடக் காட்டுக்குக் கொடுப்பது அதிகம். கண்டங்களுக்குள் முதலிடம் ஆசியாவுக்கு: ஹெக்டேருக்கு 20 டாலருக்கு மேல். தென் அமெரிக்காவில் ஒரு டாலருக்கும் குறைவு.

இதைக் கண்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆசியாவே முதலிடம்! ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால் அப்பெருமை கரைந்துவிடுகின்றது. உலகின் மிகப்பெரிய மழைக்காடாகிய அமேசான் இருப்பது தென் அமெரிக்காவில். தானாக முளைத்துத் தானாக நிற்கும் காட்டுக்குக் குழி வெட்டும் கூலி வேண்டா. அன்றியும், காட்டின் பரப்பு மிகுந்தால் வகுக்கும் எண் பெரிதாகும், ஈவு சிறுக்கும். காட்டை அழித்துவிட்டு மீண்டும் நடும் நாட்டுக்கோ செலவு ஏறும், பரப்பு குறையும், ஈவு பெருகும். ஆகவே ஹெக்டேருக்கு அதிகம் செலவிடுவது காட்டின்மீதுள்ள அன்பையும் காட்டலாம்; முன்னர் செய்த பிழைக்குக் கட்டும் அபராதத்தையும் காட்டலாம். தொகை மட்டும் இதைச் சொல்லாது.

அமெரிக்காவின் கணக்கு இதற்கு நல்ல சான்று. அந்நாட்டு வனப்பணித் துறை 1995இல் தன் ஆண்டுச் செலவில் 16 விழுக்காட்டைக் காட்டுத்தீயை எதிர்கொள்ளச் செலவிட்டது. 2015இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காட்டுக்குப் பெருஞ்செலவு. உள்ளே சென்று பார்த்தால் தீயை அணைக்கும் செலவு. மருத்துவமனைக் கட்டணம் உயர்வதைக் கண்டு, உடல்நலம் பெருகுகின்றது என்று சொல்வோமா?

எனவே, "எந்த நாடு அதிகம் செலவிடுகின்றது?" என்னும் வினாவை விடுத்து, "எதற்காக, எத்தனை ஆண்டுகள், யார் கையில் கொடுத்துச் செலவிடுகின்றது?" என்று கேட்கத் தொடங்கினேன். அதன் பிறகே கணக்குப் பேசத் தொடங்கிற்று.

எண்ணிப் பார்த்த நாடு

தென் கொரியா 1953இல் போர் ஓய்ந்தபோது மொட்டை மலைகளின் நாடாக இருந்தது. விறகுக்கும் போருக்கும் மரங்கள் போயிருந்தன. அந்நாடு 1973இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பத்து லட்சம் ஹெக்டேரில் நடுவது என்று குறித்து, 1978க்குள் ஆறே ஆண்டுகளில் முடித்தது. அடுத்த திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. இன்று அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 63 விழுக்காடு காடு.

இதில் என் கவனத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, நட்ட மரங்கள் பிழைத்தனவா என்று சோதிக்க ஒரு மாநிலத்து அலுவலரை மற்றொரு மாநிலத்துக்கு அனுப்பினர். தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தும் வசதி எவருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு, விறகுக்கு மாற்றாக வீட்டு அடுப்புக்கு நிலக்கரி வில்லைகள் வந்து சேர்ந்தன. அடுப்பு மாறியதால் மலை தப்பியது. நாற்றங்கால் வளர்த்த கிராமத்தாருக்கு வருவாயும் கிட்டியது. அன்று அங்கு நடந்தது கடும் அதிகார ஆட்சி என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆட்டி வைத்த கோலை நாம் கடன் கேட்க வேண்டா. எண்ணிப் பார்த்த பழக்கத்தைக் கடன் வாங்கலாம்.

சீனா 1999இல் வேறொரு வழியைத் தொடங்கிற்று. மலைச்சரிவில் உழுது பயிரிட்ட குடியானவர், அந்நிலத்தை மரத்துக்கு விட்டுக்கொடுத்தால் அவருக்கு ஆண்டுதோறும் தானியமும் பணமும் தரப்பட்டன. யாங்சி ஆற்றுப் பகுதியில் ஒரு ஹெக்டேருக்கு 2,250 கிலோ, மஞ்சள் ஆற்றுப் பகுதியில் 1,500 கிலோ. அத்துடன் 300 யுவான். காட்டு மரமானால் எட்டாண்டுகள், பழமரமானால் ஐந்தாண்டுகள். இருபதாண்டுகளில் இத்திட்டத்துக்கு 50,000 கோடி யுவானுக்கு மேல் செலவாயிற்று. 4 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கு பெற்றன. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டதால் பறவைகளும் பிற உயிர்களும் பெருகவில்லை என்னும் குறை அங்கும் உண்டு. எனினும் ஒன்று உறுதி. அங்கே பணம் கன்றுக்கு மட்டும் போகவில்லை; கன்று மரமாகும் வரை காத்திருக்க வேண்டிய மனிதனின் சோற்றுக்கும் போயிற்று.

நம் மாநிலத்தைவிடப் பரப்பில் சிறிய கோஸ்டா ரிகா, காடு வைத்திருக்கும் நிலக்காரருக்கு 1997 முதல் ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகின்றது. எரிபொருள் வரியில் 3.5 விழுக்காடு இதற்கென ஒதுக்கப்பட்டது. வண்டி ஓட்டுபவர் கொடுக்கும் காசு மரம் காப்பவரைச் சென்றடைகின்றது. ஜப்பானில் 2024 முதல் வரி கட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1,000 யென் காட்டு வரி கட்டுகின்றனர். போருக்குப் பின் நட்ட மரங்களைக் களைந்து பேணக் கைகள் இல்லாததால் அக்காடுகள் நெருங்கி நலிந்தன; அவற்றைப் பேணவே இந்த வரி. நாட்டில் மூன்றில் இரு பங்கு காடாக உள்ள நாடே, "நட்டாயிற்று" என்று கைகழுவ முடியாமல் இன்றும் செலவிடுகின்றது.

நம் பெட்டியில் பணம் இல்லையா?

"அவையெல்லாம் பணக்கார நாடுகள், நமக்கு வழியேது?" என்று சிலர் கேட்கலாம். கொரியாவும் சீனாவும் தொடங்கியபோது பணக்கார நாடுகள் அல்ல. நம் பெட்டியும் வெறும் பெட்டியன்று.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ அணைக்கோ எடுப்பவர் ஈடு செய்ய வேண்டும். மாற்று நிலத்தில் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சேர்ந்த அந்தப் பணத்துக்கு 2016இல் தனிச்சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் ஒரே நேரத்தில் மாற்றித் தரப்பட்டது. இது சிறு தொகையா?

ஆனால் பணம் இருந்தும் மரம் இல்லாத கதையை இந்தியத் தணிக்கைத் தலைவரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொல்கின்றது. 2006 முதல் 2012 வரை ஈடாகப் பெற வேண்டிய காடல்லாத நிலம் 1,03,382 ஹெக்டேர். பெற்றது 28,086 ஹெக்டேர். காடு வளர்த்ததோ 7,281 ஹெக்டேர். பெற வேண்டியதில் ஏழு விழுக்காடு. எங்கள் ஏரிக்கரையில் நின்ற பதினொன்றும் 150இல் ஏறத்தாழ ஏழு விழுக்காடுதான்! சிறு தவறும் பெருந்தவறும் ஒரே முகம் கொண்டிருப்பதைக் கண்டு நான் திகைத்தேன்.

தமிழ்நாடு மரத்துக்காகப் பிற நாட்டுப் பணத்தையும் கண்டிருக்கின்றது. 1981இல் சுவீடன் நாட்டின் உதவியுடன் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கிற்று. ஏரிகளின் உட்புறத்தில் கருவேலம் வளர்க்கப்பட்டது. 1997 முதல் ஜப்பானியக் கடனுதவியில் காடு வளர்ப்புத் திட்டங்கள் தொடர்ந்தன. உதவியாயினும் கடனாயினும், நட்ட பரப்பைக் குறித்து வைத்தோம். அந்த மரங்களால் ஊருக்கு என்ன கிட்டியது, இன்று எத்தனை நிற்கின்றன என்னும் கணக்கை ஊர் மக்களில் எத்தனை பேர் அறிவர்?

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டபோது, மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மரங்களால் நிரப்புவது குறிக்கோள் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல குறிக்கோள். ஆயின் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நாட்டின் காட்டுப்பரப்பைச் செயற்கைக்கோள் கொண்டு அளக்கும்போது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால் அது காட்டுப்பரப்பாகவே எண்ணப்படும். பண்ருட்டி முந்திரித் தோப்பும் தைலமரத் தோட்டமும் அந்தக் கண்ணுக்குப் பச்சைதான். அவை வேண்டாதவை என்பதன்று என் வாதம். பல உயிர் வாழும் காட்டையும் ஒரு பயிர்த் தோப்பையும் ஒரே பத்தியில் கூட்டினால், செலவுக்குக் கிடைத்த பயன் எதுவென்று நாம் அறியவே மாட்டோம் என்பதே.

வேறு ஏட்டில் எழுதிய காட்டுச் செலவு

ஒப்பீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டைக் காத்த செலவு எப்போதும் வனத்துறையின் ஏட்டில் இருப்பதில்லை. நெய்வேலியில் 1960களில் பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்தி 'லெக்கோ' என்னும் அடுப்புக்கரியைச் செய்தனர். அந்த ஆலை இன்று இல்லை. பெயரைச் சொன்னால் நம் பாட்டிமார் அறிவர். ஒவ்வொரு மூட்டை லெக்கோவும் ஏதோ ஒரு புதர்க்காட்டில் ஒரு சுமை விறகை மிச்சம் பிடித்திருக்கும். பின்னர், 2007இல் தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது; 2016இல் நாடு முழுவதற்கும் உஜ்வலா திட்டம் வந்தது. இவற்றை எவரும் காட்டுச் செலவென்று எழுதவில்லை. கொரியாவின் வெற்றியில் அடுப்புக்கரிக்குப் பங்கு உண்டென்றால், இவற்றுக்கும் நம் கணக்கில் பங்கு உண்டல்லவா? அதே நிலக்கரிக்காக நிலம் புரட்டப்படுகின்றது என்பதையும் உடன் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதுவது கணக்காகாது.

நிலம் என்றதும் எங்கள் ஊர்ப்பக்கத்து வளையமாதேவி நினைவுக்கு வருகின்றது. 2023 ஜூலையில் சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே செய்தியில் கண்டது. காடு போனால் ஈட்டுக்காடு வளர்க்கச் சட்டம் உண்டு. வயல் போகும்போது வரப்பில் நின்ற வேம்புக்கும் பனைக்கும் அந்தச் சட்டம் கணக்குப் பார்ப்பதில்லை. குடியானவருக்கு நிலத்தின் விலை கிடைக்கலாம். ஊருக்கு நிழலின் விலை கிடைப்பதில்லை. காட்டுக்கான செலவை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவோர் இந்தக் கணக்கு எந்தப் பத்தியில் வருமென்று சொல்ல வேண்டும்.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

நல்ல பாடத்துக்குக் கொரியா வரை போகவும் வேண்டா. சிதம்பரம் தாண்டினால் போதும். பிச்சாவரத்தில் முற்காலத்தில் மரங்களைப் பட்டை பட்டையாக வெட்டி எடுத்தனர். வெட்டிய இடம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது, கன்று பிடிக்கவில்லை. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தக் காரணத்தைக் கண்டறிந்து, அலை வந்து போகும்படி வாய்க்கால்களை வெட்டின. மீனவ மக்களும் பணியில் இணைந்தனர். நீர் ஓடிற்று, உப்புக் குறைந்தது, நட்டவை பிடித்தன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின.

அங்கே பணத்தைக் கன்றுக்கு முன் வாய்க்காலுக்குச் செலவிட்டனர். வாய்க்கால் வெட்டுவது புகைப்படத்துக்கு அழகாக இராது. ஆனால் காடு அதனால்தான் வந்தது.

என் கருத்து

ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! காட்டுக்கு அதிகம் செலவிடுங்கள் என்று அரசைக் கேட்பது எளிது. செலவிடும் முறையை மாற்றுங்கள் என்று கேட்பதே நம் கடமை என்று கருதுகின்றேன். பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. பாராட்டுக்குத்தான் அதில் இடமில்லை.

முதலாவதாக, நடும் நாளில் முழுப் பணத்தையும் கொடுத்து முடிக்காமல், ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து நிற்கும் மரத்தை எண்ணித் தவணையாகக் கொடுக்கலாம். எண்ணுபவர் வேறு மாவட்டத்தவராக இருக்கட்டும். இரண்டாவதாக, அந்தத் தவணையில் ஒரு பங்கு அந்த ஊரில் தண்ணீர் ஊற்றுபவர் கைக்கு நேரே போகட்டும். மூன்றாவதாக, நட்டது எத்தனை, நிற்பது எத்தனை, செலவு எத்தனை என்னும் மூன்று எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கட்டும். இதற்கு வெளிநாட்டு வல்லுநர் வேண்டா. ஒரு டப்பா சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் போதும்.

நம் கல்லூரியிலும் இதைத் தொடங்கலாம். அடுத்த முகாமில் 150 வேண்டா; 20 கன்றுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் இருவர் பொறுப்பு. ஆண்டுதோறும் இம்மலரில், முதல் மதிப்பெண் பெற்றவர் பட்டியலுக்கும் விளையாட்டு வெற்றிக்கும் அடுத்து, நிற்கும் மரங்களின் எண்ணிக்கை அச்சாகட்டும். குறைந்தால் குறைந்ததென்றே அச்சாகட்டும். எங்கள் பழைய முகாமின் கணக்கை இங்கே நானே தொடங்கி வைக்கின்றேன்: நட்டது 150, நிற்பது 11.

மரம் நட்ட அசோகரை நாம் நன்றாகப் படித்துவிட்டோம். பறம்பு மலையில் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்த பாரியையும் படித்தோம். கொடைமடம் என்று சொல்லி வியந்தோம். என் கண்ணுக்கு அது மடமாகத் தோன்றவில்லை. முளைத்துவிட்ட கொடி நிலைக்க என்ன வேண்டுமோ அதை அவன் கொடுத்தான். எங்கள் ஏரிக்கரையில் அந்த வேலையைச் செய்தவர் தேநீர்க்கடை அம்மா. அரசின் ஏட்டில் அவருக்கு ஒரு வரி வேண்டும். அந்த வரி வரும் வரை, நாம் எந்த நாட்டோடு ஒப்பிட்டாலும் அது நட்ட கணக்காகவே இருக்கும்; நின்ற கணக்காக இராது.